கையை மட்டும் கொடு, உயிரோடு போ! - நான்கு தலைமுறை நண்டுக் கடையின் கதை

'விளைய வைத்துவிடுகிறோம், விற்கத்தான் தெரியவில்லை. நாமே சமைத்து விற்றால் என்ன?' இந்தக் கேள்வி இல்லாமல் நம் கேள்வி - பதில் பகுதிக்கு ஓர் இதழ்கூட வெளிவந்ததில்லை. சிறுதானிய உணவகம், நாட்டுக்கோழி மெஸ், கரும்புச்சாறு கடை, மீன் குழம்புச் சாப்பாடு என்று பலரும் ஆர்வமாகத் தொடங்குகிறார்கள். அவற்றில் சில நன்றாக ஓடுகின்றன. பல கடைகள் இரண்டு வருடத்தில் மூடப்படுகின்றன. ஒரு கடை நூறு வருடம் தாண்டி, நான்கு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் நிற்க வேண்டுமென்றால் அதற்கு என்ன வேண்டும்? சுவை மட்டும் போதாது என்பது என் கருத்து. அந்தக் கடைக்குச் சரக்கு கொடுக்கிற நிலமோ கடலோ நூறு வருடம் தாங்க வேண்டும்.

அதற்கு உதாரணமாக, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மியாமி பீச் என்ற கடலோர ஊரில் உள்ள 'ஜோஸ் ஸ்டோன் கிராப்' உணவகத்தின் வரலாற்றை இங்கே எழுதுகிறேன். அது நண்டுக் கடைதான். ஆனால், அதன் கதையில் தென்னை வருகிறது, சவுக்கு வருகிறது, மறுதாம்பு வருகிறது. விவசாயிகள் படிக்க வேண்டிய கதை இது.

தென்னை தோற்ற மணல் திட்டு

இன்று மியாமி பீச் என்றால் வானுயர்ந்த ஓட்டல்களும் சுற்றுலாப் பயணிகளும்தான் நினைவுக்கு வரும். 140 வருடத்துக்கு முன்பு அது வெறும் மணல் திட்டு. ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் உப்பங்கழி. நடுவில் அலையாத்திக் காடும் கொசுவும்தான்.

1880களில் சிலர் கூட்டாகச் சேர்ந்து, அந்தக் கரை நெடுக லட்சக்கணக்கில் தேங்காய்களை இறக்கி நட்டார்கள். கடலோர மணல், வெயில், உப்புக்காற்று எல்லாம் தென்னைக்குத் தோதானவைதானே என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஆனால், முளைத்து வந்த குருத்துகளை எலிகளும் முயல்களும் தின்று தீர்த்துவிட்டன. திட்டம் தோற்றது. மண்ணையும் தண்ணீரையும் மட்டும் பார்த்துவிட்டு, நடும் இடத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் உயிர்களைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம்.

அந்தத் தென்னைத் திட்டத்தில் பணம் போட்டவர்களில் ஒருவர் ஜான் காலின்ஸ். நியூ ஜெர்சி மாநிலத்து விவசாயி. எழுபதைத் தொட்ட வயதில் அவர் அந்த இடத்துக்கு நேரில் வந்து, காட்டைத் திருத்தி வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ கன்றுகளை நட்டார். உருளைக்கிழங்கு, வாழையும் போட்டார். உப்புக்காற்று இலைகளைக் கருக்கியதால், தோட்டத்துக்குக் காற்றுத்தடுப்பாகச் சவுக்கு மரங்களை வரிசையாக வைத்தார். நம் கடற்கரைகளில் நிற்கும் அதே சவுக்கு இனம்தான். அந்தச் சவுக்கு வரிசை நின்ற சாலைக்கு இன்றைக்கும் மரத்தின் பெயர்தான்.

விளைந்ததை உப்பங்கழியைக் கடந்து மியாமி நகரச் சந்தைக்குக் கொண்டுபோக, 1912-ல் ஒரு கால்வாய் வெட்டினார். பிறகு உப்பங்கழிக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டத் தொடங்கினார். பாதியில் பணம் தீர்ந்தது. கார்ல் ஃபிஷர் என்ற தொழிலதிபர் 50,000 டாலர் கடன் கொடுத்து, அதற்கு ஈடாக நிலம் வாங்கிக்கொண்டார். 1913-ல் பாலம் திறக்கப்பட்டது. விளைபொருளை ஏற்றிச் செல்லப் போட்ட பாலத்தின் வழியே ஆட்கள் வந்தார்கள். தோட்டம் மனையானது. 1915-ல் மியாமி பீச் தனி ஊராக அறிவிக்கப்பட்டது.

50 டாலர் கடனில் வந்தவர்

பாலம் திறந்த அதே 1913-ல் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்தான் ஜோ வைஸ். ஹங்கேரி நாட்டில் பிறந்த யூதர். நியூயார்க்கில் உணவகங்களில் பரிமாறும் வேலை பார்த்து வந்தார். கடுமையான ஆஸ்துமா. 'இந்தக் குளிர் உங்களுக்கு ஆகாது, இடம் மாறுங்கள்' என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மனைவி ஜென்னியையும் சிறுவனான மகன் ஜெஸ்ஸியையும் நியூயார்க்கில் விட்டுவிட்டு, ஆயுள் காப்பீட்டுப் பாலிசி மீது 50 டாலர் கடன் வாங்கிக்கொண்டு தெற்கே புறப்பட்டார்.

மியாமி நகரத்தில் ஓர் இரவு தங்கினார். அங்கேயும் மூச்சு முட்டியது. படகு பிடித்து உப்பங்கழியைத் தாண்டிக் கடற்கரைத் திட்டுக்கு வந்தபோது மூச்சு சீரானது என்று அந்தக் குடும்பம் சொல்லி வருகிறது. மூச்சு விட முடிந்த இடத்திலேயே பிழைப்பையும் அமைத்துக்கொண்டார். கடல் குளியலுக்கு வருபவர்களுக்கான ஒரு குளியல் விடுதியில் சின்னதாக ஒரு மதியச் சாப்பாட்டுக் கடை போட்டார். மீன் வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல். அவ்வளவுதான் பட்டியல். பிறகு மனைவியும் மகனும் வந்து சேர்ந்தார்கள்.

1918-ல் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டை வாங்கினார்கள். பின்கட்டில் குடும்பம் குடியிருந்தது. முன் திண்ணையில் ஏழெட்டு மேஜைகளைப் போட்டுக் கடை நடத்தினார்கள். ஜோ சமைத்தார், ஜென்னி பரிமாறினார். வாடகை இல்லை, சம்பளம் இல்லை. நம் ஊரில் வீட்டு முன்பக்கத்தில் மெஸ் நடத்தும் குடும்பங்கள் செய்வதும் இதைத்தான். கையில் முதல் இல்லாதவர்கள் தொழில் தொடங்க இன்றைக்கும் இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் மனை போட்டு விற்றவர்களில் சிலர், யூதர்களுக்கு நிலம் விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்த காலம் அது. ஊரின் தெற்குக் கோடியில்தான் அவர்கள் இடம் வாங்க முடிந்தது. ஜோவின் கடையும் அங்கேதான் இருந்தது. அப்படி ஒதுக்கப்பட்ட மூலையைத் தேடித்தான் பிற்காலத்தில் ஊரின் பெரிய மனிதர்களெல்லாம் வந்து வரிசையில் நின்றார்கள்.

சாக்கு நிறைய வந்த நண்டு

முதல் எட்டு வருடம் அது வெறும் மீன் கடைதான். அந்த உப்பங்கழியில் 'ஸ்டோன் கிராப்' என்ற நண்டு ஏராளமாகக் கிடந்தது. நம்மூரில் சேற்று நண்டைச் சில பகுதிகளில் 'கல் நண்டு' என்பார்கள். இது அதுவல்ல, வேறு இனம். ஓடு கல்லைப் போல இருக்கும். கொடுக்கு உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. நுனி கறுப்பாக இருக்கும். சிப்பியையும் மட்டியையும் நொறுக்கித் தின்னும் வலு அந்தக் கொடுக்குக்கு உண்டு. ஆனால், அதைச் சாப்பிடலாம் என்று கடைக்காரர்கள் யாரும் நினைக்கவில்லை.

1921-ல் அந்த ஊரில் அமைந்த ஒரு மீன் காட்சியகத்துக்கு ஆராய்ச்சி செய்ய, ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து மீனியல் அறிஞர் ஒருவர் வந்திருந்தார். ஜோ கடையில் சாப்பிடுபவர். ஒரு நாள் சாக்கு நிறைய உயிர் நண்டுகளைக் கொண்டுவந்து, 'இதைச் சமைத்துப் பார்' என்று கொடுத்தார். ஜோ கொதிக்கும் தண்ணீரில் போட்டார். வெந்ததை ஆற வைத்து, குளிரவைத்து, ஓட்டை உடைத்துத் தட்டில் வைத்தார். தொட்டுக்கொள்ள மயோனைஸ், பக்கத்தில் முட்டைக்கோஸ் சாலட், உருளைக்கிழங்கு வறுவல். நாலைந்து கொடுக்கு கொண்ட ஒரு தட்டு 75 சென்ட். நாளடைவில் கடுகுப்பொடி கலந்த சாஸ் வந்தது. இன்றைக்கும் அந்தக் கடையின் அடையாளம் அதுதான்.

கண் எதிரே கிடந்த பொருள்தான். ஆனால், அதன் மதிப்பைக் காட்ட ஓர் ஆராய்ச்சியாளர் தேவைப்பட்டார். அதை ஆளுக்கு ஆள் பிடிக்கும் பண்டமாக்க ஒரு சமையல்காரர் தேவைப்பட்டார். உங்கள் ஊர் ஓடையிலும் வேலியிலும் இப்படிக் கிடக்கும் பொருள்கள் உண்டு. வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று கேட்டுப் பாருங்கள்.

நண்டின் மறுதாம்பு

இனிதான் முக்கியமான பகுதி. இந்த நண்டை யாரும் கொல்வதில்லை. கூண்டில் சிக்கியதும் கொடுக்கை மட்டும் ஒடித்து எடுத்துக்கொண்டு, நண்டை உயிரோடு கடலில் விட்டுவிடுகிறார்கள். முழு நண்டைக் கரைக்குக் கொண்டுவந்தால் புளோரிடா சட்டப்படி குற்றம். விடப்பட்ட நண்டுக்குக் கொடுக்கு மீண்டும் முளைக்கிறது.

கரும்பை அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து மறுதாம்பு வருகிறதல்லவா? முருங்கையைக் கவாத்து செய்தால் புதுக் கிளை வெடிக்கிறதல்லவா? ஏறக்குறைய அதே கதைதான். நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போடும். இதைச் சட்டை உரித்தல் என்பார்கள். ஒடிந்த இடத்தில் மொட்டு போலத் தோன்றும் புதுக் கொடுக்கு, ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் பெரிதாகும். குட்டி நண்டு அடிக்கடி உரிக்கும். வளர்ந்த நண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் உரிக்கும். ஆகவே, பெரிய நண்டுக்குப் பழைய அளவில் கொடுக்கு வர ஒரு வருடம் போதாது.

ஒடிக்கும் விதத்தில்தான் உயிர் இருக்கிறது. கொடுக்கு உடலோடு சேரும் இடத்தில் இயற்கையே ஒரு பிரிகோடு வைத்திருக்கிறது. எதிரி பிடித்தால் தானே கையைக் கழற்றிவிட்டுத் தப்புவதற்கான ஏற்பாடு அது. அந்தக் கோட்டில் ஒடித்தால் ஒரு சவ்வு உடனே காயத்தை மூடிவிடும். கோடு தவறி, உடம்புச் சதையோடு பிய்ந்து வந்தால் நண்டு இறந்துவிடும். மாவையோ கொய்யாவையோ கவாத்து செய்யும்போது, கிளை தண்டோடு சேரும் கழுத்துப் பகுதியை விட்டு, பட்டை கிழியாமல் வெட்டச் சொல்வதற்கும் இதே காரணம்தான். கழுத்தில் வெட்டினால் காயம் மூடும். கிழித்தால் தண்டே அழுகும்.

இதற்கு மேல் சட்டம் சில வேலிகளைப் போட்டிருக்கிறது:

* அக்டோபர் 15-ல்தான் அறுவடை தொடங்கலாம். கோடையில் முட்டையிடும் காலம் முழுவதும் விடுமுறை.
* குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த கொடுக்கை ஒடிக்கக்கூடாது. படகிலேயே அளவுகோல் வைத்து அளக்க வேண்டும்.
* முட்டை தாங்கிய பெண் நண்டின் கொடுக்கைத் தொடவே கூடாது.
* பிளாஸ்டிக் கூண்டில், மக்கிப் போகும் ஒரு பலகை இருக்க வேண்டும். கயிறு அறுந்து கூண்டு கடலடியில் தொலைந்துபோனாலும், அந்தப் பலகை மக்கி உள்ளே இருக்கும் உயிர்கள் வெளியேறிவிடும்.

கரையிலேயே அடுப்பு

இந்தக் கொடுக்குக்கு ஒரு குணம் உண்டு. பச்சையாக ஐஸில் வைத்தாலோ உறைய வைத்தாலோ சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். உடைத்தால் பிய்ந்து பிய்ந்துதான் வரும். அதனால் படகு கரைக்கு வந்ததும், கொள்முதல் நிலையத்திலேயே வேகவைத்து, உடனே குளிரவைத்து, அளவு வாரியாகத் தரம் பிரிக்கிறார்கள். நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது, ராட்சசம் என்று வகைகள். விலை வகைக்கு வகை மாறும். உணவகத்துக்குப் போவது ஏற்கெனவே வெந்த கொடுக்குதான்.

ஜோ குடும்பம் இதில் ஒரு முடிவு எடுத்தது. சரக்குக்குச் சந்தையை மட்டும் நம்பாமல், கடலோரத்தில் கொள்முதல் நிலையங்களைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். மீனவர்களிடம் நேரடியாக வாங்கி, அங்கேயே வேகவைத்துத் தரம் பிரித்து, தமக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியை வெளியே விற்கிறார்கள். பருவம் முழுக்க வாங்கும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது மீனவருக்குத் தெம்பு. தரம் குறையாது என்பது உணவகத்துக்குத் தெம்பு.

பால் கூட்டுறவுச் சங்கம் கிராமத்திலேயே பாலைக் குளிரவைப்பதும் இதே தத்துவம்தான். அறுவடைக்கும் அடுப்புக்கும் இடையில் போகும் மணி நேரங்களில்தான் விவசாயியின் லாபம் ஒழுகுகிறது. தக்காளி, மல்லிகை, மீன் எதுவானாலும் இதுதான் கணக்கு.

பருவம் முடிந்தால் கடை மூடல்

நெடுங்காலம் அந்த உணவகம் நண்டுப் பருவத்தில் திறந்து, பருவம் முடிந்ததும் மூடப்பட்டு வந்தது. வருடத்தில் பல மாதம் பூட்டு! பிற்பாடு கோடையிலும் ஓரளவு நடத்தத் தொடங்கினார்கள். 'இப்போது கிடைக்காது, அக்டோபரில் வாருங்கள்' என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் துணிவு எத்தனை கடைக்கு உண்டு? அந்தக் காத்திருப்பே கடைக்கு விளம்பரமானது. முன்பதிவு கிடையாது, வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்ற வழக்கமும் பல காலம் இருந்தது.

அதே நேரம், நண்டை மட்டும் நம்பிக் கடை நடக்கவில்லை. விலை உயர்ந்த நண்டுக்குப் பக்கத்திலேயே, சில டாலருக்கு வறுத்த கோழியும் பட்டியலில் இருந்தது. அதுவும் பேர் வாங்கிய பண்டம். புளோரிடாவின் தெற்குத் தீவுகளோடு பேர் சேர்ந்த ஒரு வகைச் சிறு எலுமிச்சையில் செய்யும் இனிப்பும் அப்படியே. மனைவிக்கு நண்டு, குழந்தைக்குக் கோழி என்று குடும்பமாக வர முடிந்தது. தனிப்பயிர் போட்ட வயலில் வரப்பில் உளுந்தும் தட்டையும் ஊன்றுகிறோமே, அதுபோல.

நான்கு தலைமுறையும் ஒரு வழக்கும்

ஜோவுக்கும் ஜென்னிக்கும் பிறகு மகன் ஜெஸ்ஸி கடையின் முகமானார். அடுத்து ஜெஸ்ஸியின் மகள் ஜோ ஆன் பாஸ். அவருக்குப் பின் அவருடைய மகன் ஸ்டீபன் சாவிட்ஸ். கிளைகள் வேண்டும் என்று வந்தபோது குடும்பம் தனியாகக் கடன் வாங்கி இறங்கவில்லை. 2000-ல் சிகாகோவில் அங்கேயே பழக்கப்பட்ட ஓர் உணவக நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் கிளை திறந்தார்கள். தாய்க்கடை குடும்பத்திடமே இருந்தது.

எல்லாமே பெருமைக்குரிய கதை இல்லை. ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு நாள், பரிமாறும் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். விளம்பரம் இருக்காது. வாய்வழிச் செய்திதான். நல்ல வருமானம் தரும் வேலை என்பதால் கூட்டம் வரும். 1986 முதல் 1990 வரை அப்படி எடுத்த 108 பேரில் ஒருவர்கூடப் பெண் இல்லை. 1991-ல் அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் இதைக் கையில் எடுத்தது. வழக்கு பத்து வருடத்துக்கு மேல் மேல்முறையீடு வரை போய், உணவகத்துக்கு எதிராகவே முடிந்தது.

நினைத்துப் பாருங்கள். அந்தக் கடையில் முதன்முதலில் தட்டு பரிமாறியவர் ஜென்னி. மூன்றாம் தலைமுறையில் நிர்வாகம் செய்ததும் பெண். அப்படியிருந்தும், 'உயர்ந்த உணவகம் என்றால் கோட்டு போட்ட ஆண்கள்தான் பரிமாற வேண்டும்' என்ற பழைய வழக்கம் உள்ளே உட்கார்ந்துவிட்டது. நம் வீடுகளிலும் நாற்று நடுவது, களை எடுப்பது, பால் கறப்பது எல்லாம் பெண்கள். பட்டாவும் வங்கிக் கணக்கும் உழவர் குழுவின் உறுப்பினர் பட்டியலும் ஆண்கள் பெயரில். யார் உழைப்பில் தொழில் நிற்கிறதோ, அவர்கள் பெயர் ஏட்டில் வர வேண்டும். நாற்று நட்டவர் பெயர் மண்டிச் சீட்டிலும் இருக்கட்டும்.

கடல் தாங்குமா?

'கொடுக்கு மீண்டும் முளைக்கும். அதனால் இது தீராத அறுவடை' என்று பல காலம் பேசினார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் செய்த ஓர் ஆய்வில், ஒரு கொடுக்கை ஒடித்த நண்டுகளில் 28 சதவிகிதம் இறந்தன. இரண்டையும் ஒடித்தவற்றில் 47 சதவிகிதம் இறந்தன. அதாவது, 100 நண்டில் ஒவ்வொரு கொடுக்காக எடுத்தால் 72 நண்டுகள், தற்காத்துக்கொள்ளவும் இரை பிடிக்கவும் ஒரு கையோடு மிஞ்சும். இரண்டையும் எடுத்தால் கையில் 200 கொடுக்கு வரும். கடலில் மிஞ்சுவது 53 நண்டு. அவையும் கை இல்லாதவை. சட்ட அளவு இருந்தால் இரண்டையும் எடுக்க அனுமதி உண்டு. ஆனால், ஒன்றோடு நிறுத்துவது நல்லது என்பதே துறையினரின் அறிவுரை.

இன்னொரு சான்றும் உண்டு. கொடுக்கின் உட்பக்கத்தில் கைரேகை போல வரிகள் இருக்கும. முதல் கொடுக்கில் அது தொடர்ச்சியான கோடு. மறுமுளைப்பில் அது புள்ளியும் துண்டுக் கோடுமாக உடைந்திருக்கும். இதை வைத்துச் சந்தைக்கு வந்த கொடுக்குகளைப் பார்த்தால், மறுமுளைப்பாக வருவது சிறு பங்குதான். ஆகவே, மறுதாம்பை விட, புதிதாகப் பிறந்து வளரும் குஞ்சுகளை நம்பித்தான் இந்தத் தொழில் ஓடுகிறது.

2000-க்குப் பிறகு பிடிப்பு பொதுவாக இறங்குமுகம். கூண்டுகளின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் பெருகியது ஒரு காரணம். கடல் நீரைச் செந்நிறமாக்கி உயிர்களைக் கொல்லும் பாசிப் பெருக்கம் இன்னொன்று. கூண்டுக்குள் புகுந்து நண்டைத் தின்னும் கணவாய் இனமான ஆக்டோபஸ் வேறு. இதைப் பார்த்து மாநில அரசு 2020-ல் விதிகளை இறுக்கியது. மே 15 வரை இருந்த பருவம் மே 1-ஆகச் சுருங்கியது. கொடுக்கின் குறைந்தபட்ச நீளம் 2¾ அங்குலத்திலிருந்து 2⅞ அங்குலம் ஆனது. 2023 முதல் ஒவ்வொரு கூண்டிலும் சின்ன நண்டு தப்பி ஓட ஒரு வளையத் துளை கட்டாயம். இரண்டு வார வருமானம் போகிறதே என்ற கவலை மீனவர்களுக்கு இருந்தது. அது நியாயமான கவலைதான். எட்டில் ஒரு அங்குலம் என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால், கடலுக்குத் திரும்பும் நண்டுக்கு அது இன்னொரு முறை இனம் பெருக்கும் வாய்ப்பு.

சீமைக்கருவேலத்தைத் தவிர வேறெந்தப் பயிரும் வெட்ட வெட்டத் தழைத்துக்கொண்டே இருக்காது. மூன்றாம் மறுதாம்பில் கரும்பு மெலிகிறது. ஓயாமல் இலை பறித்த கறிவேப்பிலை பட்டுப்போகிறது. தேனை முழுவதும் வழித்தெடுத்த பெட்டியை விட்டுத் தேனீ பறந்துவிடுகிறது. எவ்வளவு எடுக்கலாம் என்பதைவிட, எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்ற கணக்குதான் நூறு வருடக் கடைக்கும் நூறு வருடத் தோட்டத்துக்கும் அடிப்படை. ஜோ குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை நண்டு விற்குமா என்பதை அவர்களுடைய சமையலறை முடிவு செய்யாது. படகில் அளவுகோல் பிடிக்கும் கை முடிவு செய்யும்.

இதைப் படித்ததும் எழக்கூடிய கேள்விகள்

விவசாயக் குடும்பம் சிறிய உணவகம் தொடங்க முதலில் என்ன செய்ய வேண்டும்?

சொந்த இடத்தில், சொந்த ஆட்களோடு, மூன்று அல்லது நான்கு பண்டங்களோடு தொடங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். சிறு கடைகளுக்கு அடிப்படைப் பதிவே போதும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் வழி சொல்வார்கள். கடைக் கணக்கையும் தோட்டக் கணக்கையும் தனித்தனி நோட்டில் எழுதுங்கள். உங்கள் தோட்டத்துக் காய்க்கும் சந்தை விலையைக் கடைக் கணக்கில் செலவாகப் போடுங்கள். அப்போதுதான் லாபம் கடையிலா, தோட்டத்திலா என்று தெரியும்.

உணவகத்துக்குக் காய்கறி, மீன் தொடர்ந்து கொடுப்பது நல்லதா, மண்டிக்கு அனுப்புவது நல்லதா?

ஒரே வழியில் எல்லாவற்றையும் போடாதீர்கள். முதல் தரத்தைத் தொடர்ந்து வாங்கும் கடைக்கு ஓரளவு நிலையான விலையில் கொடுங்கள். மீதி சந்தைக்குப் போகட்டும். நாலைந்து விவசாயிகள் சேர்ந்து கொடுத்தால், ஒருவருக்குக் காய் இல்லாத வாரம் மற்றவர் ஈடுகட்டலாம். தரம் பிரிப்பதை நீங்களே செய்யுங்கள். வாங்குபவர் பிரித்தால் இரண்டாம் தரம்தான் எப்போதும் அதிகமாக இருக்கும்.

நம் சேற்று நண்டிலும் கொடுக்கை மட்டும் எடுத்துவிட்டு விடலாமா?

வேண்டாம். சேற்று நண்டுக்கும் கொடுக்கு மீண்டும் முளைக்கும் என்பது உண்மைதான். ஆனால், நம்மிடம் அது உயிரோடு, முழு நண்டாக விற்பனையாகிறது. ஒரு கை இல்லாவிட்டாலே விலை இறங்கிவிடும். அதற்குப் பதில், சட்டை உரித்துச் சதை பிடிக்காமல் மெலிந்திருக்கும் நீர் நண்டுகளை வாங்கி, உவர்நீர்க் குட்டையிலோ பெட்டியிலோ மூன்று, நான்கு வாரம் தீனி கொடுத்துக் கொழுக்க வைத்து விற்கலாம். ஒரே அளவு நண்டுகளை ஒன்றாக விடுங்கள். ஒளிந்துகொள்ள உடைந்த குழாய், ஓடு போடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். உவர்நீர்க் குட்டைக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு தேவை. மீன்வளத்துறை அலுவலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதோடு கடலோர வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. நாட்டுப்படகுக்கும் உப்பங்கழிக்கும் அந்தத் தடை இல்லை. அதனால், அங்கே காவல் நீங்கள்தான். வயிற்றில் முட்டையோடு நண்டு வலையில் வந்தால், விலையைப் பார்க்காமல் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.